ஒரே பெயர், இரண்டு நோய்

"அய்யா, புள்ளைக்கும் உங்களுக்கு இருக்கிற சர்க்கரைதானாம்." சின்னமனூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தாய் இப்படிச் சொன்னபோது நானும் தலையாட்டினேன். இருபது வருட அனுபவஸ்தன் என்ற மிதப்பில் புத்திமதியும் சொன்னேன். அரிசியைக் குறை, கம்பங்கூழ் கொடு, பாகற்காய் கொடு, காலையில் நடக்கச் சொல். பிள்ளைக்கு வயது ஒன்பது. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தாள்.

நான் சொன்னது முழுத் தவறு என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தாய் விடிவதற்கு முன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய், இருட்டும்போது திரும்புகிறவள். மகள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததையும், பல மாதங்களாக இல்லாத வழக்கமாகப் படுக்கையை நனைத்ததையும் வெயில் காலம் என்று விட்டுவிட்டாள். ஒருநாள் வாந்தி, வயிற்றுவலி. பக்கத்தில் ஓரிடத்தில் வயிற்றுக்கோளாறு என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் பிள்ளை ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கினாள். வாயில் பழம் அழுகிய வாடை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிழைத்தது புண்ணியம். அந்த ஒரு சொட்டை முதல் நாளே எடுத்திருக்கலாம். வாந்தியோடு வரும் எந்தக் குழந்தைக்கும் இதைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

எனக்கு இருப்பது இரண்டாம் வகை. உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் சரியாக வேலை செய்வதில்லை. மாத்திரை, நடை, வாய்க்கட்டு எல்லாம் அதற்குத்தான். அவளுக்கு வந்தது முதல் வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதாலும் வரவில்லை, தாய் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலும் வரவில்லை. இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது, ரத்தம் அமிலமாகிறது. அதுதான் அந்த மூச்சும் வாடையும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் பழக்கத்தில் தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது. 1880இலேயே பாரிஸ் மருத்துவர் எத்தியேன் லான்செரோ இந்த நோயை ‘தியாபெத் மேக்ர்’, ‘தியாபெத் க்ரா’ என்று பிரித்திருக்கிறார். மெலிந்த நீரிழிவு, பருத்த நீரிழிவு. இன்று ஒல்லியானவர்களுக்கும் என் வகை வருகிறது, அதனால் அந்தப் பெயர்கள் நமக்குப் பொருந்தாது. ஆனாலும் இரண்டு பெயர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாம் இன்னும் இரண்டையும் ‘சர்க்கரை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஒரு சொல் செய்யும் கேட்டைக் கேளுங்கள். "ஊசி பழகினா விடாது, நாட்டு மருந்து பார்" என்று ஒரு உறவினர் சொல்ல, வீட்டில் இரண்டு நாள் ஊசியை நிறுத்தினார்கள். மறுபடியும் ஆஸ்பத்திரி. முதல் வகைக்கு இன்சுலின் என்பது மருந்து மட்டுமல்ல, சோறு மாதிரி. 1922 ஜனவரியில் டொரான்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் இழுத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்து நாம் அந்த ஊசியை நிறுத்தச் சொல்கிறோம்!

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. வகுப்பு நேரத்தில் பிள்ளை பிஸ்கட் எடுத்ததற்கு, "சர்க்கரை இருக்கிறவளுக்கு இனிப்பா?" என்று பிடுங்கி வைத்துவிட்டார்கள். ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். இதை ஆசிரியர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கோபப்படாமல் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஒரு மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவே ஈர மணல், அதில் இன்சுலின் புட்டி. அந்த ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. ஐஸில் மட்டும் வைக்கக்கூடாது, உறைந்தால் கெட்டுவிடும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நான் யோசித்த பெயர்கள் எல்லாம் குமாஸ்தாத் தமிழாகவே வந்தன. போன வாரம் பிள்ளையின் தாத்தா, காலமெல்லாம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் போட்டவர், திண்ணையில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அய்யாவுக்கு ஊத்து இருக்கு, வாய்க்கால்ல அடைப்பு. எம் பேத்திக்கு ஊத்தே வத்திப்போச்சு, நாமதான் தெனமும் ஊத்தணும்."