ஜாப் கார்டில் ஏறாத பழுது

காரில் வரும் சிறு பழுதுகளில் பெரும்பாலானவை தேய்மானத்தால் வருபவை. பிரேக் பேடு தேயும், வைப்பர் ரப்பர் வெயிலில் காயும், பேட்டரி இறங்கும், ஃபேன் பெல்ட் சத்தம் போடும். மாற்றினால் தீர்ந்தது. இவற்றுக்குத் தயாரிப்பாளரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. இன்னொரு வகைப் பழுதும் உண்டு. ஒரே காலகட்டத்தில், ஒரே பாகத்தைப் பொருத்தி ஆலையைவிட்டு வெளியே வந்த ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஒன்றுபோல் ஒளிந்திருக்கும் குறை அது. அப்படிப்பட்ட வண்டிகளை நிறுவனமே வரவழைத்து, காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பதுதான் ரீகால். ஆனால் கார் வைத்திருப்பவருக்கு முதல் பார்வையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

செங்கல்பட்டு அருகே மறைமலை நகர் ஆலையில் தயாரான ஃபோர்டு கார்கள் இதற்கு நல்ல உதாரணம். 2010 ஜனவரிக்கும் 2012 ஜூனுக்கும் இடையில் தயாரான ஃபிகோ, கிளாசிக் கார்கள் 1,66,021-ஐ அந்த நிறுவனம் 2013 செப்டம்பரில் பரிசோதனைக்கு வரவழைத்தது. சந்தேகத்துக்கு உள்ளானவை பவர் ஸ்டியரிங் ஹோஸும் பின்சக்கரங்களைத் தாங்கும் பீமும். ஹோஸில் கசிவு இருந்தால் காலையில் வண்டி எடுக்கும்போது தரையில் எண்ணெய்க் கறை தெரியும். ஸ்டியரிங் கொஞ்சம் இறுகும். தெருமுனை மெக்கானிக் கிளாம்ப்பை முறுக்கி, எண்ணெய் ஊற்றி, சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். அவர் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கசிவு எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. அதே வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனால், புகார் சேசிஸ் நம்பருடன் ஜாப் கார்டில் ஏறுகிறது. திருச்சியில் ஒன்று, கோவையில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று என ஒரே பாகம் பற்றிய பதிவுகள் சேரும்போதுதான் அது தனி வண்டியின் கோளாறு அல்ல என்பது புலப்படுகிறது. வாரன்டி முடிந்த காரைப் பட்டறைக்குக் கொண்டுபோவது செலவுக் கணக்கில் சரியே. ஆனால் ஸ்டியரிங், பிரேக், எரிபொருள் குழாய், ஏர்பேக், மின் வயரிங் ஆகியவற்றில் காரணம் புரியாத கோளாறு வந்தால், ஒருமுறையாவது சர்வீஸ் சென்டரில் எழுத்தில் பதிய வைப்பது அவசியம்.

இந்தியாவில் வெகுகாலம் ரீகால் நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம் 2012-ல் தன் உறுப்பினர்களுக்கு ஒரு நடத்தை நெறியை வகுத்தது. அதில் கட்டாயம் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவுதான், பாதுகாப்பைக் கெடுக்கும் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி ஆணையிட மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். அரசு கட்டாயப்படுத்தித் திரும்பப் பெற நேர்ந்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். கட்டாய ரீகாலுக்கு, விற்பனை அளவைப் பொறுத்து இத்தனை புகார்கள் சேர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. பதிவாகாத பழுதுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

ரீகால் நோட்டீஸ் வந்த பிறகு எழும் முதல் சந்தேகம், “வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?” என்பது. இந்தச் சந்தேகம் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஜப்பானின் டக்காட்டா நிறுவனத்து ஏர்பேக்குகள் காட்டின. ஏர்பேக்கை விரிக்கும் இன்ஃப்ளேட்டர் ஒரு சிறிய உலோகக் குப்பி. அதற்குள் அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள் இருக்கும். வண்டி மோதிய கணத்தில் அவை எரிந்து வாயுவாகிப் பையை நிரப்ப வேண்டும். ஈரக்காற்றும் மாறி மாறி வரும் வெப்பமும் பல ஆண்டுகள் பட்டதில் வில்லைகள் சிதைந்து, தேவைக்கு மீறிய வேகத்தில் எரிந்தன. குப்பியே வெடித்து, சில்லுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகாலுக்கு உள்ளாயின. 2017-ல் டக்காட்டா திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா போன்றவை இதற்காகக் கார்களை வரவழைத்தன. இந்தக் குறைக்கு அறிகுறியே கிடையாது. சத்தம் வராது, டேஷ்போர்டில் விளக்கு எரியாது. அமெரிக்காவில் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஃப்ளோரிடா போன்ற பகுதிகளுக்குத்தான் முன்னுரிமை தந்தார்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர நகரங்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது சந்தேகம், பாகம் வரும்வரை ஓட்டலாமா என்பது. விடை நோட்டீஸிலேயே இருக்கும். முழுவதும் படிக்க வேண்டும். 2021 செப்டம்பரில் மாருதி சுசுகி 1,81,754 பெட்ரோல் கார்களை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக வரவழைத்தது. சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 ஆகியவை அவை. மாற்றும் வேலை நவம்பர் முதல் வாரத்தில்தான் தொடங்குவதாக இருந்தது. அதுவரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம், மின்பாகங்கள் மீது நேரடியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்றது அறிவிப்பு. அந்த நவம்பர் 7 அன்றுதான் சென்னை கனமழையில் மூழ்கியது. 2023 ஜனவரியில் அதே நிறுவனம் ஏர்பேக் கண்ட்ரோலருக்காக 17,362 கார்களை அழைத்தபோது, பாகத்தை மாற்றும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம் என்றது. இரண்டும் ரீகால்தான், அவசரம் மட்டும் வேறு.

மூன்றாவது, செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களின் கவலை. ரீகால் வண்டியோடு சேர்ந்தது. இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. ஆனால் போன் அழைப்பும் கடிதமும் நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள பழைய எண்ணுக்கும் முகவரிக்குமே போகின்றன. எனவே ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேசிஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அந்த எண்ணில் வராது; அப்படித் தெரிந்தால் அது 1 அல்லது 0. பழைய கார் பேரம் பேசும்போதே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

“ரீகால் என்று கூப்பிட்டுவிட்டுப் பத்து வேலை சொல்வார்கள்” என்ற அச்சம் ஆதாரமில்லாதது அல்ல. வண்டியை விடும்போது ஜாப் கார்டில் ரீகால் வேலையைத் தனி வரியாக எழுதச் சொல்லலாம். வேறு வேலைக்குச் சம்மதம் இல்லை என்றும் எழுதலாம். எடுக்கும்போது, பாகம் மாற்றப்பட்டதா, பரிசோதனை மட்டும் நடந்ததா என்று குறிப்பிட்ட ரசீதை, தொகை பூஜ்யமாக இருந்தாலும், கேட்டு வாங்க வேண்டும். காரை விற்கும்போது வாங்குபவர் கேட்கக்கூடிய தாள் அது. சர்வீஸ் சென்டர் புகாரைப் பதிய மறுத்தால், மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் ரீகால் தொடர்பான குறைகளை உரிமையாளரே நேரடியாகப் பதியலாம்.