‘குறைந்த பாதிப்பு’ யாருக்கு?

பாகூர் வயல்களில் டிஏபி மூட்டையைத் தலையில் சுமந்துபோய் வெறுங்கையால் இறைப்பவர்கள் பெரும்பாலும் காலனி ஆட்கள்தான். அந்த மூட்டைக்குப் பின்னால் ஒரு கழிவு மலை இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பாறை பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துத்தான் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கிறார்கள். 1 டன் எடுத்தால் ஏறக்குறைய 5 டன் பாஸ்போஜிப்சம் மிஞ்சும். மிச்ச அமிலம், புளோரைடு, பாறையிலிருந்து வந்த ரேடியம் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆலைக்குப் பக்கத்திலேயே குவிக்கிறார்கள். அடித்தடுப்பு சரியில்லை என்றால் மழையோடு நிலத்தடி நீருக்குள் இறங்கும்.

ஒன்றிய அரசின் 2016 அபாயகரக் கழிவு விதிகள் இதை ‘அளவு அதிகம், பாதிப்பு குறைவு’ என்று வகைப்படுத்தி, அபாயகரக் கழிவு என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தின. தனி வழிகாட்டுதல் போதுமாம். குறைந்த பாதிப்பு என்று எழுதியவர் அந்த மலையடியில் குடியிருப்பவரா?

தூத்துக்குடியைப் பாருங்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலை பாஸ்பாரிக் அமிலமும் தயாரித்தது. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பலி கொடுத்த பிறகுதான் ஆலையை மூடினார்கள். ஆலை மூடியது, ஜிப்சம் போகவில்லை. மீதமிருந்ததை அகற்ற உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அனுமதி தர வேண்டியிருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் பைனி பாயிண்ட் உர ஆலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அங்கே 2021-இல் ஜிப்சக் குவியல்மேல் இருந்த குளம் கசிந்து, சுமார் 81 கோடி லிட்டர் கழிவுநீர் தம்பா விரிகுடாவில் கலந்தது.

சிமெண்டுக்கும் களர் நிலத்துக்கும் ஜிப்சம் பயன்படுகிறதே என்பார்கள். உண்மைதான், பயன்படுத்தட்டும். அதுவரை குவியல் யார் வாசலில் கிடக்கும்?

“தூத்துக்குடி கதை நமக்கெதற்கு?” என்று வில்லியனூரில் ஒரு மாணவர் கேட்டார். சேதராப்பட்டில் தொழிற்பேட்டை இருக்கிறது. நாளை எந்தக் கழிவு, எந்தப் புறம்போக்கில் இறங்கும்? ஊர்க் குப்பையும் சாக்கடையும் எந்தப் பக்கம் தள்ளப்படுகின்றன என்று பார்த்தாலே பதில் தெரியும். எதிர்த்துக் கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட கொம்யூன் பஞ்சாயத்தும் இல்லை. புதுச்சேரியில் 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை.

எனவே தோழர்களே, ஆலை வரும்போது வேலைவாய்ப்பை மட்டும் கேட்காதீர்கள். கழிவு எங்கே குவியும், அடித்தடுப்பு என்ன, காலனிக் கிணற்று நீரை யார் சோதிப்பது, மூடிய பிறகு யார் செலவில் அள்ளுவது என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில், தமிழில் வாங்குங்கள்.