பெண்களின் அடிவயிற்றுக் கஷ்டமும் வெட்கமும்

நமது பெண்மக்கள் வாய்விட்டுச் சொல்லாத வியாதிகளில் முதன்மையானது எதுவென்று கேட்டால், இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் தண்ணீர்க்குடம் தூக்கினாலும் தம்மையறியாமல் மூத்திரம் கசிந்து சேலை நனைந்து போகும் கஷ்டமேயாகும். அதற்கடுத்தது கர்ப்பப்பை கீழே இறங்கி வருவது. இதை "அடி இறங்கிவிட்டது" என்று பெண்கள் தங்களுக்குள் மாத்திரம் காதோடு காதாகச் சொல்லிக்கொள்ளுவார்கள். மூன்றாவது, புருஷன் பக்கத்தில் வந்தாலே உயிர் போகும்படியான நோவு. இம்மூன்றும் வெவ்வேறு வியாதிகள்போல் காணப்பட்டாலும், பெரும்பாலும் ஒரே இடத்துத் தசைகளின் கோளாறோடு சம்பந்தப்பட்டவை என்பதும், அத்தசைகளைப் பயிற்சியினால் சீர்ப்படுத்த முடியும் என்பதும் வைத்திய உலகத்துக்கு நேற்றுத் தெரிந்த சங்கதியல்ல. அமெரிக்காவில் ஆர்னால்டு கெகல் என்ற பெண்நோய் வைத்தியர் 1948-ம் வருஷத்திலேயே இதைப்பற்றி எழுதியதோடு, அத்தசையின் பலத்தை அளந்து பார்க்க ஒரு கருவியும் செய்து காட்டினார். முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் நாட்டில் பிரசவித்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பும்போது இச்செய்தியைச் சொல்லி அனுப்புகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்கின்றோம்.

இதை எழுத ஆரம்பித்ததுமே, "சே! இதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா? குடும்ப ஸ்திரீகள் படிக்கிற பத்திரிகையல்லவா?" என்று சில கனவான்கள் முகத்தைச் சுளிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். கௌதமன் சாபத்தால் இந்திரன் உடம்பு முழுவதும் ஆயிரம் யோனி முளைத்த கதையைக் கோவில் மண்டபத்தில் விளக்கேற்றி வைத்து, பெண்களையும் குழந்தைகளையும் முன்வரிசையில் உட்காரவைத்து, ராகம் போட்டுச் சொல்லலாமாம். கேட்டவர்களுக்குப் புண்ணியமுங்கூட உண்டாம்! ஆனால் உயிரோடிருக்கும் ஒரு பெண்ணுக்குள்ள ஒரே யோனியைச் சுற்றி ஒரு தசை இருக்கிறது, அது தளர்ந்தால் இன்ன கஷ்டம் வரும், இன்ன பயிற்சியால் குணமாகும் என்று சொன்னால் மாத்திரம் ஆபாசமாம்! ஆயிரத்துக்கு வெட்கப்படாதவர்கள் ஒன்றுக்கு வெட்கப்படுவதன் ரகசியம் என்ன? பின்னதில் பெண்ணுக்கு ஒரு நன்மை இருக்கிறது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் நமக்குப் புலப்படவில்லை.

நிற்க. விஷயத்துக்கு வருவோம். நமது இடுப்புக்கூட்டின் அடிப்பாகம் எலும்பால் மூடப்பட்டதல்ல. முன்பக்கத்து எலும்பிலிருந்து பின்பக்கத்து வாலெலும்பு வரையில் தூளி கட்டினதுபோல் தசைகள் கட்டப்பட்டிருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் இந்தத் தூளியின்மேல்தான் இருக்கின்றன. மூத்திரம் போகும் வழியையும் மலம் போகும் வழியையும் வேண்டும்போது இறுக்கி வேண்டும்போது தளர்த்துவதில் இத்தசைகளுக்கு முக்கிய பங்கு உண்டு. ஒரு பெண் கர்ப்பமாகி ஒன்பது மாதம் பாரத்தைச் சுமக்கும்போது தூளி இழுபடுகிறது. பிரசவத்தில் குழந்தையின் தலை அதன் வழியாகவே வரவேண்டியிருப்பதால் இன்னும் பல மடங்கு இழுபடுகிறது. சிலருக்குக் கிழிந்தும் போகிறது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவமானால் ஆபத்து அதிகம். இது போதாதென்று, பிள்ளை பெற்ற உடம்பு ஆறுவதற்குமுன் குடத்தையும் விறகையும் தலையில் ஏற்றி விடுகிறோம். நாள்பட்ட இருமல், மலச்சிக்கலோடு முக்குதல், உடல் பருத்தல், மாதவிடாய் நின்றபின் ஏற்படும் மாறுதல் இவைகளும் சேருகின்றன. தூளி தொய்ந்துபோகாமல் என்ன செய்யும்?

தொய்ந்ததற்கு நம்மவர்கள் செய்யும் வைத்தியத்தைத்தான் பார்க்கவேண்டும்.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அம்மாள். பெயர் வேண்டாம். மூன்று பிள்ளை பெற்றவர். ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரையில் நின்றுகொண்டே வேலை செய்தவர். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு இந்தக் கசிவு ஆரம்பித்தது. 11 வருஷம் ஒருவரிடமும் சொல்லவில்லை. கலியாணத்துக்குப் போவதை விட்டார். பஸ் ஏறுவதை விட்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். அதனால் மூத்திரக்கடுப்பும் மலச்சிக்கலும் கூடவந்து முக்கி முக்கி இன்னும் மோசமாயிற்று. வாடை வருகிறதென்று புருஷன் தன் பாயைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டான். சுத்தமில்லாதவள் என்று மாமியார் சாமி விளக்கைத் தொடவிடவில்லை. கோடாங்கி மந்திரித்துக் கயிறு கட்டினான், பால்குடமும் எடுத்தாயிற்று. (அந்தப் பால்குடம் தூக்கியபோதே சேலை நனைந்தது என்று அந்த அம்மாளே நம்மிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.) கடைசியாக ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐந்து நிமிஷங்கூட விசாரிக்காமல், "மூன்று பிள்ளை ஆகிவிட்டதே, இனி எதற்கு அந்தப் பை? எடுத்துவிடலாம், பணத்தைக் கட்டு" என்று சொல்லிவிட்டார்கள். தோட்டை அடகு வைக்கக் கிளம்பியவரைத் தடுத்தவள், பிசியோதெரபி என்னும் இயன்முறை வைத்தியம் படித்துக்கொண்டிருந்த அவருடைய அக்காள் மகள்.

அந்தப் பெண் தன் சித்தியைத் தன் ஆசிரியையிடம் அழைத்துக்கொண்டு போனாள். அவர் முதலில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு, சம்மதம் கேட்டுக்கொண்டு, கையுறை போட்டுப் பரிசோதித்து, எந்தத் தசையை எப்படி மேலே இழுக்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். இருமல் வரும் என்று தெரிந்தால் இருமுவதற்கு ஒரு நொடிமுன் அத்தசையை இறுக்கிக்கொள்ளும்படி பழக்கினார். நான்கு மாதம் ஆயிற்று. கசிவு முழுவதும் நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஜலதோஷம் பிடித்த நாட்களில் கொஞ்சம் உண்டு என்கிறார். ஆனால் பஸ் ஏறுகிறார், கலியாணத்துக்குப் போகிறார், வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறார். கர்ப்பப்பை அது இருந்த இடத்தில் இருக்கிறது. தோடும் காதில் இருக்கிறது.

கர்ப்பப்பையை எடுப்பதைப்பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கயிற்றுக் கட்டிலில் கயிறு தொய்ந்துவிட்டால் புத்தியுள்ளவன் கயிற்றை இழுத்துக் கட்டுவானா, படுத்திருந்தவனை எடுத்து வெளியே போடுவானா? இருமினால் கசிகிறது என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுத்தால் தொய்ந்த தசை தொய்ந்தபடியேதான் இருக்கும். மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப்பற்றி 2019-ல் விசாரித்தபோது, 82,000-க்கு மேற்பட்ட பெண்களில் 13,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்ததாகத் தெரியவந்தது. வெள்ளைப்படுகிறது, வயிறு வலிக்கிறது என்று போனவர்களுக்கெல்லாம் கத்திதான் மருந்து. மாதவிடாயில் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடித்தம் என்பதால் அவர்களும் சரி என்றார்கள். பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாகாணங்களில் நடந்த அவசியமற்ற கர்ப்பப்பை ஆபரேஷன்களைப்பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் தீர்ப்புச் சொல்லி, இவற்றைத் தடுக்கும் விதிகளை எல்லா மாகாணங்களும் மூன்று மாதத்துக்குள் அமுலுக்குக் கொண்டுவர வேண்டுமென்று உத்தரவிட்டது. ஏழைப் பெண்ணின் வயிறு இந்நாட்டில் எவ்வளவு மலிவு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. வெளிநாட்டார் மாத்திரம் யோக்கியர்களென்றும் நாம் சொல்லவரவில்லை. இறங்கிய உறுப்பைத் தாங்க யோனி வழியாகப் பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்ததில் எத்தனையோ பெண்கள் தீராத நோவுக்கு ஆளாகி, 2018-ல் இங்கிலாந்திலும் 2019-ல் அமெரிக்காவிலும் அதை நிறுத்தும்படி ஆயிற்று. ஆபரேஷனே கூடாது என்பது நமது வாதமல்ல. முற்றிலும் வெளியே வந்துவிட்ட கர்ப்பப்பைக்கும், பயிற்சிக்கு இணங்காத கசிவுக்கும் அது வேண்டியதாகலாம். முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்களே என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

பயிற்சியால் பலன் உண்டு என்பதற்கு என்ன ருஜு என்று கேட்பது நியாயமே. கேட்காமல் நம்புவதை நாம் யாருக்கும் சொல்லுவதில்லை. காக்ரேன் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 14 தேசங்களில் 1,817 பெண்களிடம் நடந்த 31 சோதனைகளைத் திரட்டி 2018-ல் வெளியிட்டார்கள். இருமல் தும்மலில் கசிவுள்ள பெண்களில், பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 56 பேர் குணமாயிற்று என்றார்கள்; செய்யாதவர்களில் 100-க்கு 6 பேரே அப்படிச் சொன்னார்கள். இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டி ஸ்தாபனம் 2019-ல், இக்கசிவுக்கு முதல் வைத்தியமாகத் தேர்ந்தவர் மேற்பார்வையில் மூன்று மாதமாவது பயிற்சி கொடுக்கவேண்டும் என்றும், வேளைக்கு 8 தடவை வீதம் தினம் 3 வேளையாவது தசையை இறுக்க வேண்டும் என்றும் விதித்தது. சிறிதளவு இறங்கிய கர்ப்பப்பைக்கு 16 வாரப் பயிற்சியை யோசிக்கச் சொல்லிற்று. பிரெஞ்சு தேசத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு இதற்கென்று 10 தடவை சிகிச்சை, செலவு இன்சூரன்ஸ் கணக்கில். பிரெஞ்சுப் பெண்ணின் தசை வேறு, நம் பெண்ணின் தசை வேறா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. "மூத்திரத்தை அடக்குகிறமாதிரி இறுக்கு" என்று வாயால் சொல்லிவிட்டால் போதாது. அமெரிக்காவில் 1991-ல் இப்படிச் சொல்லிக் கொடுத்துப் பரிசோதித்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேரே சரியாகச் செய்தார்கள். 100-க்கு 25 பேர் செய்தது வியாதியை அதிகப்படுத்தக்கூடியதாயிருந்தது. மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறவர்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளுகிறவர்கள், தொடையையும் பிருஷ்டத்தையும் இறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் ஏராளம். அன்றியும், எல்லோருக்கும் தளர்ச்சிதான் கோளாறு என்பதில்லை. சிலருக்கு அத்தசை எப்போதும் இறுகிப் பிடித்துக்கொண்டே இருக்கும். புணர்ச்சியில் நோவு காணும் பலர் இவ்வகையினரே. அவர்களுக்கு இறுக்கச் சொல்லிக் கொடுத்தால் கெடுதல், தளர்த்தவே பழக்கவேண்டும். இப்படிப்பட்ட பெண்களைத்தான் நம் நாட்டில் "புருஷனுக்கு அடங்காதவள்", "பேய் பிடித்தவள்" என்று சொல்லி அடிக்கிறார்கள், வேப்பிலை அடிக்கிறார்கள், இரண்டாந்தாரம் கட்டுகிறார்கள். தசை இறுகியதற்குத் தண்டனை உதை! இந்த லட்சணத்தில் இதுதான் உலகத்துக்கு வழிகாட்டும் குடும்ப தர்மமாம்.

இங்கே ஒரு பண்டிதர் குறுக்கிடுவார். "இது என்ன புதுமை? மூலபந்தம் என்று நம் ரிஷிகள் அன்றே சொல்லிவிட்டார்களே!" என்பார். நல்லது, சொன்னார்கள் என்றே வைத்துக்கொள்ளுவோம். யாருக்குச் சொன்னார்கள்? பிராணனை மேலே ஏற்றி மோட்சம் அடைய நினைத்த சந்நியாசிக்குச் சொன்னார்கள். பிள்ளை பெற்றுத் தசை கிழிந்து கிடந்த பெண்ணுக்குச் சொன்னார்களா? அவளுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குச் சொன்னார்களா? மருத்துவச்சியைத் தொட்டால் தீட்டு, பிள்ளை பெற்றவளைத் தொட்டால் தீட்டு என்று இருவரையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, இன்றைக்குக் கெகல் சொன்னதும் "அது எங்களுடையது" என்று உரிமை கொண்டாட வருவது எந்த யோக்கியதையில் சேர்ந்தது? உங்களுடையதாகவே இருக்கட்டும், நாளைக்கே போய் உங்கள் வீட்டு மருமகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நமக்கு ஆட்சேபணை இல்லை.

"எங்கள் பாட்டிமார் அம்மியும் உரலும் இழுத்துக் குந்தி உட்கார்ந்து வேலை செய்தார்கள், அவர்களுக்கு இந்த வியாதி இல்லை" என்பவர்களும் உண்டு. உங்கள் பாட்டி உங்களிடமா சொல்லுவாள்? பாரம் சுமப்பதும் ஓயாமல் பெறுவதும் தசைக்குப் பலம் தருமானால் நேபாளத்து மலைப் பெண்கள் மகா பலசாலிகளாயிருக்க வேண்டும். அங்கேயோ சிறுவயதில் கலியாணம், அடுத்தடுத்துப் பிள்ளை, பிள்ளை பெற்ற சில நாளிலேயே முதுகில் சுமை என்பதனால் கர்ப்பப்பை இறங்குவது பரவிக்கிடந்து, அது பெண்களின் உரிமைக்கே பங்கம் என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று.

இப்போது புதிதாக வியாபாரிகள் வேறு புறப்பட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கான உறிஞ்சு துணியை விளம்பரம் செய்து, "இதைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக ஊர்சுற்று" என்கிறார்கள். அவசரத்துக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குணமாகக்கூடியதைக் குணமாக்கும் வழி சொல்லாமல் மாதாமாதம் துணி விற்பதும், கயிறு மந்திரித்துக் கொடுப்பதும் பெண்ணின் அறியாமையை மூலதனமாக வைத்து நடத்தும் வியாபாரந்தானே?

சர்க்கார் செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. 2021-ல் தமிழ்நாட்டில் ஆரம்பிக்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு வீடு பிசியோதெரபி வைத்தியரை அனுப்பினார்கள். பக்கவாதத்துக்கும் முழங்காலுக்கும் வீடு தேடிப்போக முடியுமானால், இதற்கும் முடியும். பிரசவ ஆஸ்பத்திரி தோறும் இத்தசையைப்பற்றித் தெரிந்த ஒரு பெண் பிசியோதெரபி வைத்தியர் வேண்டும். குழந்தைக்கு ஊசி போட வரும் தாயிடம் "இருமினால் கசிகிறதா, ஏதாவது இறங்குவதுபோல் இருக்கிறதா, நோவு உண்டா" என்று நர்ஸ் மூன்று கேள்வி கேட்கவேண்டும். பெண் தானாகச் சொல்லமாட்டாள், கேட்டால் சொல்லுவாள். கர்ப்பப்பையை எடுக்கச் சீட்டு எழுதும் டாக்டர், பயிற்சி, தாங்கு வளையம் முதலிய வழிகளை எடுத்துச் சொன்னதாக அதே சீட்டில் எழுதவேண்டும். உயர்தரப் பள்ளிக்கூடப் பெண்களுக்கு நுரையீரலையும் இருதயத்தையும் படம் போட்டுக் காட்டுகிறவர்கள், இடுப்புக்குக் கீழே வந்ததும் படத்தைச் சுருட்டிவிடக் கூடாது.

புருஷர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவளைக் குடம் தூக்க விடாமல் நீங்கள் தூக்கினால் உங்கள் ஆண்மைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். உள்ளே கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாவிட்டால் வெளியே உட்கார்ந்திருங்கள்.

இக்கஷ்டம் உடைய தோழியர்கள் தங்கள் அனுபவத்தை, வைத்தியத்துக்குப் போனபோது என்ன சொன்னார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்ற விவரத்தோடு நமக்கு எழுதலாம். பெயரும் ஊரும் போட வேண்டியதில்லை. வருவதைச் சுருக்காமல் அடுத்தடுத்த வாரங்களில் வெளியிடுவோம்.