ஆளில்லாத உப்பளம்

எங்கள் கிளைக்கு வந்த நாட்காட்டியில் மரக்காணம் உப்பளம். விடியக்காலை வெளிச்சம், கண்ணாடியாய்க் கிடக்கும் பாத்திகள், வரிசையாய் உப்புக் குவியல்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். முப்பது வருசம் அங்கே உப்பு வாரியவள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆளே காணோமே, உப்பு தானாவா வாரிக்கிச்சி?"

இந்தக் கேள்வியை சாமுவேல் போர்னிடம் கேட்டிருக்க வேண்டும். என்னை மாதிரி அவரும் பேங்க் கிளார்க்தான், இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில். வேலையை விட்டுவிட்டு 1863இல் கல்கத்தாவில் வந்து இறங்கினார். சிம்லாவில் கூட்டாகக் கடை போட்டார். இமயமலைக் காட்சிகளைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, துரைமார்களுக்கு விற்றார். நம்ம ஊட்டியும் அவர் படங்களில் உண்டு.

அன்றைக்குப் படமெடுப்பது லேசான காரியமில்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். தகடு, மருந்துப் புட்டி, இருட்டுக் கூடாரம் எல்லாம் மலையேற வேண்டும். யார் முதுகில்? 1864 காஷ்மீர் பயணத்தில் 42 கூலிகள். சுமக்காமல் ஓடி ஒளிந்தவர்களைத் தடியோடு தேடிப்போன கதையை அவரே இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதினார், கூச்சமில்லாமல்.

படத்துக்கு எண் இருக்கிறது. சுமந்தவனுக்குப் பேர் இல்லை. சில படங்களில் ஆள் நிற்கிறான், மலையின் உயரத்தைக் காட்ட.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படங்களை அச்சிட்ட காகிதத்தில் முட்டை வெள்ளைக்கருவோடு உப்பைக் கலந்து பூசுவார்கள். உப்பும் வெள்ளியும் சேர்ந்தால்தான் காகிதம் வெளிச்சத்தைப் பிடிக்கும். உப்பில்லாமல் படமே இல்லை. உப்பு வாருகிறவள் மட்டும் படத்தில் வேண்டாம்!

"கலைக்குள்ளே ஏன்யா சாதியை இழுக்கிறீங்க?" என்கிறார்கள் நண்பர்கள். இழுத்தது நாங்களா? வெள்ளைக்காரனுக்கு அது வியாபாரம். ஊரைப் பார்க்கும்போது சேரியைப் பார்க்காத கண், கேமரா கப்பலேறி வருவதற்கு முன்பே இங்கே இருந்தது.

அடுத்தவனைச் சொல்லி நானும் தப்பிக்க முடியாது. அச்சில் வந்த என் முதல் கவிதை உப்பளம் பற்றியதுதான். நிலா, வெள்ளை, அமைதி என்று பன்னிரண்டு வரி. உப்புத்தண்ணி அரித்த அம்மாவின் கால் ஒரு வரியில்கூட இல்லை. பாராட்டிக் கடிதமெல்லாம் வந்தது. அந்தக் கவிதையை இனி எந்தத் தொகுப்பிலும் சேர்ப்பதாக இல்லை.

கேமராவோடு மரக்காணம் வருகிறவர்கள் வரட்டும். வெளிச்சம் பார்த்து நின்று எடுக்கட்டும். பாத்தியில் குனிந்து நிற்பவளிடம் "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.