தலைமேல் ஒரு கை

1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு. அறிவு வந்தபின் திடப்படுத்தல். அன்று பெற்றோர் கொடுத்த வாக்கைப் பிள்ளை தானே கொடுக்கும் நாள் அது. ஆனால் நாம் செய்வதென்ன? பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்வித்து, வெள்ளை உடுத்தி, பேராயர்முன் முழந்தாளிட வைக்கிறோம். நானும் வரி பிசகாமல் ஒப்புவித்தவனே. ஒரு கேள்வியும் கேட்டேனில்லை. 'வேண்டாம்' என்னும் உரிமையற்றவன் சொல்லும் 'ஆம்' எத்தனை நாள் நிற்கும்?

விடுமுறையில் ஊர் சென்று ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கும் நண்பர்களே, பாடம் ஒப்புவிக்கச் சொல்லுமுன் பிள்ளைகளின் ஐயங்களைக் கேளுங்கள். 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்பவனை அவிசுவாசி எனத் தள்ளாதீர்கள். திடப்படுத்தல் முடிந்த மறு ஞாயிறும் அவர்களைத் தேடிச் செல்லுங்கள். பேராயர் கை தலைமேல் ஒரு கணமே. நம் கை தோள்மேல் பல்லாண்டு இருக்க வேண்டும்.