பிரிட்ஜுக்கு 28 ஆயிரம், கட்டுறதுக்கு 80 ரூபாயா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. பேங்க்ல வேலை பாக்கிறவனுக்கு ஜனவரியில இருந்து மார்ச் 31 வரைக்கும் வேற உலகமே கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். ஆணியெல்லாம் புடுங்கி முடிச்சு நிமிர்ந்தா, ஜோத்பூர்ல வெயில் 40-ஐத் தொட்டாச்சு. நம்ம தமிழ்க் குடும்பங்கள் லீவுக்கு எங்க போகலாம்னு பேச ஆரம்பிச்சாச்சு. போன வாரம் ஒரு சீமந்தத்துல மட்டும் மூணு பேர் எங்கிட்ட கேட்டாங்க. "சார், வண்டிக்கு பிரிட்ஜ் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்ல பிராண்டு?"

நான் பதிலுக்கு ஒண்ணுதான் கேட்டேன். "அதை எதுல கட்டப் போறீங்க?"

மூணு பேரும் முழிச்சாங்க. அந்த முழியைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வண்டிக்கு பிரிட்ஜ் எதுக்கு, பந்தாவான்னு கேக்கிற ஆள் நான் இல்லை. மே மாசம் பார்மர், ஜெய்சல்மர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், காலையில ஊத்தின தண்ணி பதினோரு மணிக்கு வெந்நீர். தெர்மோகோல் பெட்டியில போட்ட ஐஸ் மத்தியானத்துக்குள்ள காலி. விலை கம்மின்னு சில பேர் வாங்கற பெல்டியர் பெட்டி வெளி வெயிலை விட 20 டிகிரி குறைச்சாலே பெரிசு. வெளியில 45-னா உள்ள 25. அதுல பால் தயிராகும், தயிர் புளிச்சுப்போகும். கம்ப்ரஸர் வச்சதுதான் நிஜ பிரிட்ஜ். எங்க வீட்டுல அதை வாங்கினதுக்கு இன்னொரு காரணம், அம்மாவோட இன்சுலின். பிரிக்காத பாட்டில் 2-லேருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். உறைஞ்சு போனாலும் தூக்கித்தான் போடணும். ஆக, பிரிட்ஜ் வேணும். அதுல எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டையெல்லாம் அதை நாம வண்டிக்குள்ள வைக்கிற விதத்தோடதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2024 அக்டோபர் 26, நாலாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. அம்மா கோவில்பட்டியில இருந்து வந்திருந்தாங்க. தனோட் மாதா கோயிலைப் பாக்கணும்னு ஆசை. அப்படியே லோங்கேவாலா, சாம் மணல்மேடு, ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பிடலாம்னு பிளான். புது பிரிட்ஜ், 28 ஆயிரம். டிக்கி பூரா மூட்டை முடிச்சு. அதனால பின் சீட்டுல சின்னப் பாதியை மடக்கி, அதுமேல பிரிட்ஜை வச்சேன். ரெண்டு முனையிலயும் கொக்கி இருக்கிற ரப்பர் கயிறு, ஜோடி 80 ரூபா, அதைப் போட்டு இழுத்து மாட்டினேன். கடைக்காரர் சொன்ன வார்த்தை இன்னும் காதுலயே இருக்கு: "குச் நஹீ ஹோகா ஸார்ஜீ."

பிரிட்ஜுக்குப் பக்கத்துல, நடு சீட்டுல, எங்க பொண்ணு. 11 வயசு. அந்தப் பக்கம் தங்கமணி. முன்னாடி அம்மா. எல்லாரும் பெல்ட் போட்டிருந்தோம். அதுல நான் கறார். ஆனா கிளம்பறப்ப நான் சொன்ன ஒரு வார்த்தை இருக்கு பாருங்க. "பாப்பா, வளைவுல சாய்ஞ்சா லேசாப் பிடிச்சுக்கோடா."

பொக்ரான் தாண்டி நேர் ரோடு. 70-ல போயிட்டிருந்தேன். திடீர்னு இடது பக்கத்துல இருந்து ஒரு ஆட்டு மந்தை. பிரேக்கை மிதிச்சேன். ஆடு ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை. வண்டி எதுலயும் மோதலை. ஆனா ரப்பர் கயிறு நீண்டு, கொக்கி கழண்டு, பிரிட்ஜ் அப்படியே முன்னாடி வழுக்கி அம்மா சீட்டோட முதுகுல போய் இடிச்சுது. என் பொண்ணு நான் சொன்னதைச் செஞ்சா. கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தா. சீட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல அவ மணிக்கட்டு.

இன்சுலின் பாட்டில் உடையலை. பால் சிந்தலை. மாவு டப்பா மூடிகூட திறக்கலை. எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. தனோட் மாதாவை அம்மா இன்னும் பாக்கலை. "ஏய்யா, பிள்ளையவா காவலுக்கு வச்ச?"ன்னு அம்மா கேட்டது அன்னிக்கு ஒரு தடவைதான். எனக்கு அது போதும்.

நான் 20 வருஷமா லோன் குடுக்கிறவன். அஞ்சு லட்சத்துக்கு லோன் கேட்டாலே செக்யூரிட்டி என்ன, அதோட மதிப்பு என்ன, அது நிஜமாவே இருக்கான்னு நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அப்பேர்ப்பட்டவன், குழந்தைக்குப் பக்கத்துல 30 கிலோ இரும்பை 80 ரூபா ரப்பரை நம்பி வச்சிருக்கேன். இதை என்னன்னு சொல்றது?

சரி, கணக்குக்கு வருவோம். காமர்ஸ் படிச்சவன் போடற பிசிக்ஸ் கணக்குதான், ஆனா தப்பு இருக்காது.

40 லிட்டர் பிரிட்ஜ் வெறுமனே 15 கிலோ வரும். பால், தயிர், மாவு, தண்ணி பாட்டில் எல்லாம் அடுக்கினா 30 கிலோ. பிரேக்கை அழுத்தி மிதிச்சா அதை முன்னாடி இழுக்கிற விசை கிட்டத்தட்ட 24 கிலோ எடைக்குச் சமம். என் 80 ரூபா கயிறு தோத்தது இதுக்கே! மோதல்னா கதையே வேற. 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதி 0.1 செகண்டுல நின்னா, அந்த 30 கிலோ பிரிட்ஜ் 420 கிலோ மாதிரி முன்னாடி வரும். ரெண்டு புல்லட் பைக்கோட எடைக்கும் மேல. இன்னொரு விதமாச் சொன்னா, 50 கிலோமீட்டர் வேகம்ங்கறது 10 மீட்டர் உயரத்துல இருந்து விழற வேகம். மூணாவது மாடியில இருந்து ஒரு பிரிட்ஜ் விழுதுன்னு வைங்க. கீழ உங்க குழந்தையை நிக்க வைப்பீங்களா?

2022 செப்டம்பர் 4-ம் தேதி, மகாராஷ்டிராவுல பால்கர் பக்கம் நடந்த விபத்துல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தப்போ, பின் சீட்டு பெல்ட் பத்தி நாடே பேசுச்சு. நல்ல விஷயம். பெல்ட் போடலைன்னா 1,000 ரூபா அபராதம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. ஆனா பெல்ட் மனுஷனைத்தான் பிடிக்கும். பின்னாடி இருந்து பறந்து வர்ற பொருளை யாரு பிடிக்கிறது? பெல்ட் போட்டு உக்காந்திருக்கிற ஆளால விலகக்கூட முடியாது.

"சீட்டோட முதுகு தாங்காதா?"ன்னு கேப்பீங்க. கார் சீட்டுகளுக்கான ஐ.நா. விதிமுறை 17-ல இதுக்குன்னே ஒரு சோதனை இருக்கு. சீட்டுக்குப் பின்னால 18 கிலோ கட்டை ரெண்டை வச்சு, 50 கிலோமீட்டர் வேகத்துல மோதின மாதிரி நிறுத்திப் பாப்பாங்க. 18 கிலோங்கறது ஒரு சூட்கேஸ் எடை. 30 கிலோவுல ஒரே கட்டியா, கூரான மூலையோட நிக்கிற பெட்டிக்கான சோதனை இல்லை அது. அதுவும் சீட்டு முதுகை விட உயரமா பிரிட்ஜ் நின்னா, அது மேல தாண்டி வர்றதைத் தடுக்க ஒண்ணுமே இல்லை.

இனி, நான் வழக்கமாக் கேக்கிற சமாதானங்கள்.

"நாங்க மெதுவாத்தான் சார் ஓட்டுவோம்." நீங்க மெதுவா ஓட்டுவீங்க. எதிர்ல வர்றவன்? ஆடு, மாடு, ஒட்டகம்? மணல்லயும் கல்லு ரோட்லயும் மெதுவாத்தான் போகமுடியும், சரி. ஆனா அங்கதான் ஒவ்வொரு குலுக்கலுக்கும் முடிச்சு தளருது. தளர்ந்த கயிறோட மறுபடி ஹைவேயில ஏறி 90-ல போறோம்.

"கைப்பிடியில கட்டியிருக்கேன்." கைப்பிடி ஆள் தூக்கிட்டுப் போறதுக்கு. நிறைய மாடல்ல அது பிளாஸ்டிக்ல நாலு ஸ்க்ரூ போட்டு நிக்கிற சமாச்சாரம். வண்டியில கட்டுறதுக்குன்னே செஞ்ச கைப்பிடின்னு கையேட்டுல எழுதியிருந்தா ஒழிய நம்பாதீங்க.

"டிக்கியில கம்பெனி குடுத்த கொக்கி இருக்கே." இரும்பு வளையமா, எத்தனை கிலோ தாங்கும்னு கையேட்டுல போட்டிருக்கா, பாருங்க. பிளாஸ்டிக் கொக்கி காய்கறிப் பை மாட்டறதுக்கு.

"புது வண்டியில போய் ஓட்டை போடவா?" இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற பதில். கூரைமேல லைட் மாட்ட ஓட்டை போடலாம், பின்னாடி ஏணி மாட்ட ஓட்டை போடலாம், குழந்தை உயிருக்குன்னா மட்டும் பெயிண்ட் போயிடுமா?

சரி, திட்டினது போதும். நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன்.

மடக்கின சீட்டுமேல வைக்கிறதை அன்னியோட விட்டேன். இப்ப டிக்கி தரையில, பின் சீட்டு முதுகை ஒட்டி, சீட்டு உயரத்துக்குக் கீழ. மூட்டை முடிச்சுல பாதி குறைஞ்சுது, குறையட்டும். பக்கத்துல இருக்கிற வெல்டிங் பட்டறையில பிரிட்ஜ் அடிப்பாகம் பொருந்தற மாதிரி இரும்பு ஆங்கிள்ல ஒரு சட்டம். அதை நாலு மூலையிலயும் 8 மி.மீ. போல்ட்டால தரையில இறுக்கியாச்சு, 8.8 கிரேடு. இங்க ஒரு முக்கிய விஷயம். போல்ட் சாமானியத்துல அறுந்துபோகாது. கிழியறது தரைத் தகடுதான், அது 1 மி.மீ.கூட இருக்காது. அதனால அடியில ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளங்கை அகலத்துக்கு 3 மி.மீ. இரும்புத் தகடு குடுத்து முடுக்கணும். சின்ன வாஷர் போட்டா பொத்துக்கிட்டு மேல வந்துடும். ஓட்டை போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. டீசல் டேங்க், பிரேக் பைப் எல்லாம் அங்கதான் போகும். சீட்டு, பெல்ட் இருக்கிற போல்ட்டைக் கழட்டி வேற போல்ட் போடற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சட்டத்துல உக்கார்ந்த பிரிட்ஜுக்கு மேல ரெண்டு ராட்செட் பட்டை. நீளாத பாலியஸ்டர் பட்டை, தாங்கும் எடை அச்சடிச்சது. மூடியைத் திறக்கணும்னா பட்டையைத் தளர்த்தணும், அரை நிமிஷம் ஆகும். ஆகட்டுமே, ஓடற வண்டியில பிரிட்ஜைத் திறந்து என்ன பண்ணப் போறோம்? கம்ப்ரஸர் காத்து போற பக்கம் நாலு விரல் இடம் விடுங்க. இல்லைன்னா சூட்டுல அது ஓடிக்கிட்டே இருக்கும். மணல்ல இறங்கி ஏறினதும் பட்டையை ஒரு தடவை இழுத்துப் பாருங்க. சறுக்கு டிராயர் வாங்கறவங்க, உள்ள இருக்கும்போதும் வெளிய இழுத்தபோதும் பூட்டு விழுதான்னு பாத்து வாங்குங்க. அதோட எடையும் 30 கிலோ கணக்குல சேரும்.

மூணாவது வரிசை சீட்டைக் கழட்டிட்டு அங்க வைக்கலாம்னு யோசிக்கிறவங்க, ஆர்.சி.யில எத்தனை சீட்டுன்னு போட்டிருக்குன்னு பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு. நாளைக்கு இன்ஷூரன்ஸ்ல கேள்வி வந்தா பதில் சொல்லணும்.

வயரையும் கட்டாயம் கட்டணும். பிரிட்ஜ் 60 வாட்னா, 12 வோல்ட்டுல 5 ஆம்பியர். முன்னாடி பேட்டரியில இருந்து டிக்கிக்கு 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 1 சதுர மி.மீ. வயர் போட்டா வழியிலயே 0.9 வோல்ட் போயிடும். பேட்டரியில சார்ஜ் இருந்தும் பிரிட்ஜ் நின்னுடும். 6 சதுர மி.மீ. போட்டா இழப்பு 0.15 வோல்ட்தான். பேட்டரியில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்பியர் ப்யூஸ். தகடு தாண்டற இடத்துலயெல்லாம் ரப்பர் வளையம். சீட்டு நகர்ற தண்டவாளத்துக்கு அடியில வயரை விட்டா ஒருநாள் உராய்ஞ்சு தீப்பிடிக்கும்.

எனக்கு ஆன மொத்தச் செலவு 4,300 ரூபா. 28 ஆயிரத்துக்கு பிரிட்ஜ் வாங்கினவனுக்கு இது ஆறுல ஒரு பங்குகூட இல்லை. இந்த 4,300 இல்லைன்னா பிரிட்ஜ் வாங்காதீங்க. அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். அதுவரைக்கும் தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் போதும். விக்கிற கடைக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்றேன்: பட்டையும் சட்டமும் இல்லாம பிரிட்ஜை மட்டும் வித்து "குச் நஹீ ஹோகா"ன்னு அனுப்பாதீங்க. அடிபட்டவன் நான், அதனால சொல்றேன். ஆகும் ஜீ.

கட்டு பிரிச்சு மாசக்கணக்காச்சு. பொண்ணு கை சரியாயிடுச்சு. ஆனா இப்பவும் பிரேக் அடிச்சா அவ கை தன்னால பக்கத்துல நீளுது. அங்க ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சாலும் நீளுது. கண்ணாடியில அதைப் பாக்கிறப்பல்லாம் எனக்கு என்னமோ பண்ணுது.

உங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட "பிடிச்சுக்கோ"ன்னு சொல்லிடாதீங்க, மக்களே.

டிஸ்கி: எது நல்ல பிராண்டுன்னு கேட்ட மூணு பேருக்கும்: கம்ப்ரஸர் இருந்தா எதுவும் மாவைப் புளிக்காமப் பாத்துக்கும் :-) முதல்ல பட்டறைக்குப் போய் அளவு குடுங்க.