முன்பணத்துக்கு முன் நான்கு சனிக்கிழமைகள்

"தம்பி, காடி ரொம்ப நல்லா இருக்கு. இன்னிக்கே முன்பணம் கொடுத்துடலாமா?"

2022-ஆம் ஆண்டின் நடுவில் மாமா எனக்கு அனுப்பிய குரல் பதிவு இது. மாமா என் அக்காவின் கணவர். கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமாவின் அம்மா. நான் அப்போது காலை நிகழ்ச்சியில் இருந்தேன். வெளியே வந்து பதில் போடுவதற்குள் முன்பணம் போய்விட்டது.

கார் பார்க்க உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. வெள்ளை நிறம், புதிய இருக்கை உறை, உள்ளே ஏறினால் எலுமிச்சை வாசனை. மூன்றே மாதம். மழை கொட்டிய ஓர் இரவில், நெடுஞ்சாலையில், மீட்டர் பலகையின் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்து எஞ்சின் நின்றது. அவசரத் தடத்தில் காரை ஒதுக்கி, லாரிகள் உரசிக்கொண்டு போக, பின்னிருக்கையில் அழுத இரண்டு பிள்ளைகளையும் அக்கா மடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்.

மறுநாள் பட்டறையில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வெள்ளக் காடி." விரிப்புக்கு அடியில் காய்ந்த சேறு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்த படங்களை நாம் எல்லாரும் பார்த்தோம். அப்படி எங்கோ மூழ்கிய ஒன்றைக் கழுவித் துடைத்து, வாசனை அடித்து விற்றிருக்கிறார்கள். கடைசியில் கார் பழைய இரும்பு விலைக்குப் போனது. அதற்காக வாங்கிய கூட்டுறவுக் கடனை மாமா மேலும் ஒன்றரை வருடம் கட்டினார், மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டே.

2024-இல் கடன் முடிந்ததும் மீண்டும் கார் பேச்சு வந்தது. கையில் சேமிப்பு 13,000 ரிங்கிட், புதிதாக எடுக்கும் கூட்டுறவுக் கடன் 12,000. மொத்தம் 25,000. இந்த முறை நான் ஒரு நிபந்தனை போட்டேன். "மாமா, நாலு சனிக்கிழமை எடுத்துக்குவோம். அதுவரைக்கும் யாருக்கும் ஒரு காசு கொடுக்கக் கூடாது."

முதல் சனிக்கிழமை: மாமாக் கடை மேசை

அன்று ஒரு காரையும் பார்க்கவில்லை. தே தாரிக்கும் ஒரு தாளும் மட்டும். யார் எங்கே உட்காருவது என்று எழுதினோம். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். சிறிய காரில் அப்படி இரண்டு இருக்கைகளைப் பின்னால் பொருத்திவிட்டு, பாட்டியை முன்னால் உட்கார வைத்தால், அக்காவுக்கு நடுவில் கிடைப்பது ஒரு சாண் இடம். "தைப்பூசத்துக்கு ஒரு நாள்னா பரவாயில்ல தம்பி. தினமும் முடியாது" என்றார் அக்கா. ஆகவே ஏழு இருக்கை. எங்கள் கையிருப்புக்கு எட்டுவது பழைய அல்சா அல்லது எக்சோரா.

உங்கள் வீட்டில் நான்கு பேர்தான் என்றால் இந்த முடிவு உங்களுக்குப் பொருந்தாது. பெரிய கார் என்றால் டயரும் பெட்ரோலும் கூடுதல். வருடத்தில் மூன்று நாள் வரும் விருந்தினருக்காக 362 நாள் செலவழிக்க வேண்டாம். மைவி, பெஸா, சாகா போன்றவை போதும். பெஸாவின் பின்பெட்டி 508 லிட்டர், ஊருக்குப் போகும் குடும்ப மூட்டைகள் அடங்கிவிடும். சாலை வரியும் குறைவு: தீபகற்பத்தில் 1.0 லிட்டர் காருக்கு 20 ரிங்கிட், 1.3 லிட்டருக்கு 70, 1.5 லிட்டருக்கு 90.

அடுத்து, 25,000 ரிங்கிட்டை இரண்டாகப் பிரித்தோம். காரின் விலைக்கு அதிகபட்சம் 21,500. மீதி 3,500 ரிங்கிட்டைத் தொடவே கூடாது. காப்புறுதி, சாலை வரி, பெயர் மாற்றம், டயர், பேட்டரி எல்லாம் அதிலிருந்துதான். பழைய காரை வாங்கிய முதல் மாதத்தில் பட்டறைச் செலவு இல்லாமல் தப்பியவரை நான் பார்த்ததில்லை. கையிலிருக்கும் முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டால், முதல் பழுதிலேயே கார் வீட்டு வாசலில் நின்றுவிடும்.

இரண்டாவது சனிக்கிழமை: விற்பனை மையம்

அங்கே ஓர் அல்சா, 2014 மாடல், 24,500 ரிங்கிட். பளபளப்பு. மீட்டர் 68,000 கிலோமீட்டர் காட்டியது. எங்கள் வரம்பைத் தாண்டிய விலைதான், ஆனாலும் மாமாவின் கண் அதைவிட்டு நகரவில்லை.

முதலில் வெள்ளச் சோதனை. இதை யாரும் செய்யலாம். இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா? வெளியே தெரியும் பகுதியைத்தான் துடைப்பார்கள். முன்னிருக்கையை நகர்த்தி, அடியில் உள்ள தண்டவாளத்திலும் திருகாணிகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் மாற்று டயரைத் தூக்கி அந்தக் குழியைத் தடவிப் பாருங்கள். முன்விளக்குக்குள் நீராவி படிந்திருக்கிறதா? கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈர வாடை அடித்தாலும் சந்தேகம், வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தாலும் சந்தேகம்.

இந்தச் சோதனையில் அந்தக் கார் தேறியது. மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து ஓரத்தில் உலோகம் தெரிந்தது. ஸ்டீயரிங்கின் மேல்பகுதி கண்ணாடி போல வழவழத்தது. 68,000 கிலோமீட்டரில் இந்தத் தேய்மானம் வராது. "சர்வீஸ் புத்தகம் இருக்கா?" என்று கேட்டேன். "தொலைஞ்சிடுச்சு பாஸ்" என்றார் விற்பனையாளர். மீட்டரைக் குறைப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. பட்டறைப் பதிவுகளோடு ஒத்துப் போனால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

அவர் விடவில்லை. "பேங்க் லோன் போட்டுத் தரேன், மாசம் 250 ரிங்கிட்தான்" என்றார். மாமா என்னைப் பார்த்தார். அங்கேயே கைப்பேசியில் கணக்குப் போட்டோம். கடன் 20,000 ரிங்கிட், முழுத் தொகைக்கும் ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் என்றால் வட்டி 4,000, மாதத் தவணை 400. ஒன்பது வருடம் என்றால் மாதம் 252 ரிங்கிட்தான், ஆனால் வட்டி 7,200. பத்து வயதுக் காருக்கு அது பத்தொன்பது வயதாகும்வரை தவணை கட்ட வேண்டும். "மாசம் எவ்வளவு" என்பது விற்பவருக்குப் பிடித்த கேள்வி. நாம் கேட்க வேண்டியது "மொத்தம் எவ்வளவு, எத்தனை வருடம்?"

அதே வாரம் உறவினர் ஒருவர் இன்னொரு யோசனை சொன்னார். தெரிந்தவர் தவணை கட்ட முடியாமல் தவிக்கிறாராம், "சம்போங் பாயார்" முறையில் காரை எடுத்துத் தொடர்ந்து கட்டலாமாம். வேண்டவே வேண்டாம். வங்கியின் சம்மதம் இல்லாமல் தவணைக் காரைக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். பெயர் நம்முடையது இல்லை, கார் நம்முடையது இல்லை, பணம் மட்டும் நம்முடையது.

மூன்றாவது சனிக்கிழமை: சிரம்பான்

ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரின் வீடு. 2013 அல்சா, 148,000 கிலோமீட்டர், கேட்ட விலை 21,000. பின்பம்பரில் இரண்டு கீறல், ஒரு கதவில் சின்ன நசுங்கல். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஆசிரியர் உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்து வந்தார். பதினோரு வருட சர்வீஸ் ரசீதுகள், தேதி வாரியாக.

அவரிடம் முன்பே ஒன்று சொல்லி வைத்திருந்தேன்: நாங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம். குளிர்ந்திருக்கும் எஞ்சினை இயக்கும்போதுதான் அது தன் நோயைக் காட்டும். முதல் சாவியிலேயே பிடித்ததா, தட்டும் சத்தம் உண்டா, நீலப் புகையா, வெள்ளைப் புகையா என்று பார்த்தோம். எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த தேநீர் நிறத்தில் பசை இருக்கக் கூடாது, இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். பிறகு ஓட்டிப் பார்த்தோம். கியர் மாறும்போது உதறல் இல்லை.

அதோடு நிறுத்தவில்லை. எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் 150 ரிங்கிட் வாங்கிக்கொண்டு வந்து, காரை மேலே தூக்கிப் பார்த்தார். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம், உங்கள் ஆளாக இருக்கட்டும். பின் அப்சார்பர் இரண்டும் முடிந்துவிட்டன, கியர் எண்ணெய் மாற்ற வேண்டும் என்றார். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 2317. அதாவது 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பூ நிறைய இருந்தாலும் ரப்பருக்கு ஏழு வயது. எல்லாம் சேர்த்து 1,900 ரிங்கிட் ஆகும் என்றார். அந்தப் பட்டியலைக் காட்டியதும் ஆசிரியர் மறுபேச்சில்லாமல் 20,000-க்கு இறங்கினார்.

வேறு மாடல் பார்ப்பவர்களுக்கு மூன்று குறிப்புகள். புரோட்டோனின் கேம்ப்ரோ எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. கடைசியாக எப்போது மாற்றியது என்று ரசீதோடு கேளுங்கள், அது அறுந்தால் எஞ்சினே போய்விடலாம். சாகா ஆட்டோ என்றால், 2019 ஆகஸ்ட்டில் வந்த மாடலிலிருந்துதான் சிவிடி போய் நான்கு வேக கியர்பெட்டி வந்தது. ஓட்டிப் பார்க்கும்போது எது என்று தெரிந்து ஓட்டுங்கள். பழைய ஜப்பானிய மாடல் என்றால், தகாத்தா காற்றுப்பை மாற்றப்பட்டதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்தத் தயாரிப்பாளரிடம் சரிபாருங்கள். உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்ட இந்தக் காற்றுப்பைகள் நம் நாட்டிலும் உயிர் குடித்திருக்கின்றன. மாற்றுவது இலவசம்.

நான்காவது சனிக்கிழமை: தாள்கள்

பெயர் மாற்றத்துக்கு முன் பி5 பரிசோதனை. வங்கிக் கடனில் வாங்குவோருக்கு பி7-உம் தேவைப்படும். பி5 தேறியதாலேயே கார் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள் இல்லை. எஞ்சின் எண், சேஸிஸ் எண் மாற்றப்படவில்லை, சாலையில் ஓடத் தகுதி உண்டு என்று அது சொல்லும். அடுத்த வாரம் கியர்பெட்டி போகாது என்று சொல்லாது. விற்பவரின் பழைய கடன் முழுவதும் தீர்ந்ததா, வங்கியின் உரிமை நீக்கப்பட்டதா, நிலுவைச் சம்மன் உண்டா என்று ஜேபிஜே-யிலும் போலீஸ் பதிவிலும் பார்த்துக்கொண்டோம். பெரும் தொகை கைமாறியது பெயர் மாறிய அன்றுதான்.

காப்புறுதியில் இரண்டு விஷயம். "இந்தக் காடிக்கு 55 விழுக்காடு என்சிடி இருக்கு" என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள். அது விற்பவருக்கு உரியது, காரோடு வராது. இரண்டாவது, முழுக் காப்புறுதி எடுத்தாலும் வெள்ளச் சேதம் அதில் தானாகச் சேராது. தனியாகக் கேட்டு, கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். மாமா இதை மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனிநபரிடம் வாங்கியதில் எங்களுக்கு ஒரு பாதுகாப்பு குறைந்தது. விற்பனை மையம் ஏமாற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தனிநபர் விற்பனைக்கு அது பொருந்தாது. மாமாவின் முதல் கார் மையத்தில் வாங்கியதுதான். ஆனால் விற்பவர் வாயால் சொன்ன எதையும் அவர் எழுதி வாங்கியிருக்கவில்லை, இப்படி ஒரு மன்றம் இருப்பதும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் மையத்தில் வாங்கினால், "வெள்ளத்தில் மூழ்கியதில்லை, பெரிய விபத்து இல்லை" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

கடைசிக் கணக்கு இது. கார் 20,000, பழுதுபார்ப்பு 1,900, காப்புறுதி 1,050, சாலை வரி 90, மெக்கானிக், பரிசோதனை, பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து சுமார் 300. மொத்தம் 23,340. மீதி 1,660 ரிங்கிட் இன்னும் அக்காவின் கணக்கில் "காடி" என்ற பெயரில் தனியாக இருக்கிறது.

பம்பர் கீறலை மாமா இன்னும் சரிசெய்யவில்லை. பாட்டிக்கு ஏறி இறங்க வசதியாக இருக்கிறதாம், அவருக்கு அது போதும். போன வாரம் நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் மாமாவின் குரல் பதிவு. நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. திறந்து கேட்டேன்.

"தம்பி, எண்ணெய் மாத்துற நேரம் வந்துடுச்சு. எந்தப் பட்டறைக்குப் போகட்டும்?"